ஆள் ஏன் தங்குவதில்லை? ஆலைத் தொழிலில் நூறாண்டாகத் தொடரும் கேள்வி

தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பது திருப்பூரில் ஆண்டுதோறும் எழும் கவலை. பனியன் கம்பெனி வாசல்களில் ‘டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை’ என்ற பலகை கழற்றப்படாமலே தொங்குகிறது. கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளிலும் ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைகளிலும் இதே பேச்சுதான்: ஆள் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் தங்குவதில்லை.

இந்தக் குறை புதிதல்ல. தேயிலைத் தோட்டத் துரைமார் இதைச் சொன்னார்கள். 1920களின் பஞ்சாலை மேலாளர்கள் சொன்னார்கள். விசைத்தறி முதலாளிகள் இன்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் கடன், கூலி, குடியிருப்பு, விடுதி, ஒப்பந்தம் என்று தனக்கான ஒரு விடையைக் கண்டுபிடித்துக் கையாண்டிருக்கிறது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறின என்பதைத் தமிழகத் துணித் தொழிலை மையமாக வைத்து இக்கட்டுரை பார்க்கிறது. பிற நாட்டு ஆய்வுகள் இங்குள்ள நிலையை விளக்க உதவும் அளவுக்கு மட்டுமே வருகின்றன. விடைகளில் பெரும்பாலானவை ஆள் போவதைத் தொழிலாளியிடமுள்ள ஒரு கோளாறாகவே எடுத்துக்கொண்டன. அந்த எடுகோள்தான் அவற்றின் பொதுவான பலவீனம் என்று கருத இடமிருக்கிறது.

கடனால் கட்டுதல்

மிகப் பழைய விடை முன்பணம். இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டியவர் கங்காணி. பயணச் செலவு, ஊரில் இருந்த பழைய கடன், கையில் கொடுத்த காசு எல்லாம் தொழிலாளியின் பேரில் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ‘துண்டு’ வேண்டும். இந்த ஆட்களின் பேரில் இத்தனை ரூபாய் நிற்கிறது, அதைக் கட்டுபவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. ஆளை நிறுத்திவைக்க இதைவிட இறுக்கமான ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றும்.

நடந்தது வேறு. ஆள் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பெரிய முன்பணம் காட்டிக் கங்காணிகளை இழுத்தன. கங்காணி தன் கூட்டத்தோடு இடம் மாறினார். மாறும்தோறும் துண்டில் எழுதிய தொகை ஏறியது, கடன் தொழிலாளி தலையில் நின்றது. ஆளைக் கட்டிவைக்கப் பிறந்த சீட்டு, ஆளைக் கடத்திச் செல்லும் சீட்டாகிவிட்டது. 1921-இல் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரைத் தண்டிக்க வழி செய்த 1859-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே பத்தாண்டில்தான் நீங்கியது.

முன்பணம் மட்டும் மறையவில்லை. குமாரபாளையம், பவானி வட்டார விசைத்தறிகளில் அதன் பெயர் ‘பாக்கி’. தறிக்கு ஆள் சேரும்போது முதலாளி ஒரு தொகை கொடுப்பார். வேலையில் இருக்கும்வரை திருப்பித் தர வேண்டியதில்லை, விலகும்போது தீர்க்க வேண்டும். 1990களில் இங்கே களஆய்வு செய்த மானுடவியலாளர் கியர்ட் டி நீவ் இதை வெறும் கொத்தடிமை முறை என்று சொல்லிவிட முடியாது என்கிறார். ஆள் தட்டுப்பாடு இருந்த காலத்தில் பாக்கியைக் கேட்டு வாங்கியவர்கள் தொழிலாளர்களே. அடுத்த பட்டறைக்காரர் கூடுதலாகக் கொடுத்தால் பழைய பாக்கியை அடைத்துவிட்டு மாறினார்கள், சிலர் அடைக்காமலே போனார்கள். கொடுத்த பணமும் போய் ஆளும் போன முதலாளிகளின் புலம்பல் அவருடைய பக்கங்களில் நிறையவே கேட்கிறது.

இதனால் கடன் தீங்கற்றது என்று ஆகிவிடாது. டி நீவும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் பின்னர் திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் செய்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பனியன் கம்பெனி வேலைக்குப் போக வழி இருந்த ஊரின் தலித் குடும்பங்கள் பழைய பிடிகளிலிருந்து ஓரளவு விடுபட்டன. விசைத்தறியைத் தவிர வேறு வேலைக்கு வழியில்லாத ஊரில் அதே சாதிக் குடும்பங்கள் பாக்கியில் சிக்கிக் கிடந்தன. மாற்று வேலை இருப்பவரைக் கடன் கட்டுவதில்லை. இல்லாதவரைக் கட்டுகிறது, ஆனால் அவர் கடன் இல்லாவிட்டாலும் போக இடமற்றவர். 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நடப்பில் தொட முடியாத பகுதி இதுதான்.

கிராமத்தின் மேல் விழுந்த பழி

இரண்டாவது விடை தொழிலாளியின் மனநிலையைக் காரணமாகச் சொன்னது. ஜே. எச். விட்லி தலைமையில் 1929-இல் அமைந்து 1931-இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையம், இந்திய ஆலைத் தொழிலாளியின் வேர் கிராமத்தில் இருக்கிறது என்று விரிவாக எழுதியது. நகரம் அவரை இழுக்கவில்லை, கிராமத்தின் வறுமை தள்ளியது என்பது அதன் கணிப்பு. ஆணையம் அந்த உறவை அறுக்கச் சொல்லவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிராமத் தொடர்பைப் பேண வேண்டும், ஊருக்குப் போய்வர முறையான விடுப்பு தர வேண்டும் என்பதே அதன் பரிந்துரை. ஆள் எடுப்பதையும் நீக்குவதையும் மேஸ்திரிகள் கையில் விட்டிருந்ததையும், அதனால் லஞ்சம் பெருகியதையும் அது கண்டித்தது. இதற்கெனத் தனி அலுவலர் வேண்டும் என்றது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் சொன்னதற்குப் பின்னால் இந்தச் சிந்தனையும் இருக்கிறது.

1950களிலும் 60களிலும் இந்தப் பார்வை ஒரு கோட்பாடாக இறுகியது. தொழில்மயமாதலில் தொழிலாளி படிப்படியாக ஆலை வாழ்வுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறார், ஒப்புக்கொடுக்காதவர் இன்னும் பாதி விவசாயி என்று கிளார்க் கெர் உள்ளிட்ட அமெரிக்க அறிஞர்கள் வாதிட்டனர். பம்பாய்ப் பஞ்சாலைகளின் 1854 முதல் 1947 வரையிலான வரலாற்றை ஆராய்ந்த மோரிஸ் டேவிட் மோரிஸ் 1965-இல் இதை மறுத்தார். ஆலைகளுக்கு ஆள் பஞ்சமே இருந்ததில்லை, வராமலும் மாறிக்கொண்டும் இருந்ததற்கு மேலாளர்களின் நடைமுறைதான் காரணம் என்றார். அன்றாடம் வாசலில் வந்து நிற்கும் பதிலி ஆட்களை வைத்துக்கொண்டு சந்தைக்கு ஏற்ப உற்பத்தியை ஏற்றி இறக்கிய ஆலை, நிரந்தரத் தொழிலாளியை விரும்பியது என்று சொல்வது கடினம். பிறகு எழுதிய ராஜ்நாராயண் சந்தாவர்கர் இன்னும் ஒரு படி போனார்: நிச்சயமற்ற வேலையில் கிராமம்தான் தொழிலாளியின் காப்பீடு. ஊரில் தாங்க ஆள் இருந்ததால்தான் அவரால் நீண்ட வேலைநிறுத்தங்களையும் தாங்க முடிந்தது.

மோரிஸும் சந்தாவர்கரும் எழுதியது பம்பாயைப் பற்றி. கோவையின் நிலை அப்படியே அதன் நகலல்ல. பைகாரா மின்சாரம் 1930களில் வந்தபின் கோவைச் சுற்றுவட்டாரத்தில் ஆலைகள் பெருகியபோது தொழிலாளி பெரும்பாலும் அருகிலிருந்த ஊர்களிலிருந்து வந்தார். பலரால் காட்டையும் ஆலையையும் ஒருசேரப் பார்க்க முடிந்தது. ஊரோடு உறவு இருந்தால் ஆலை வேலை நிலைக்காது என்ற வாதம் இங்கே எளிதில் பொருந்துவதில்லை.

கூலியை உயர்த்தினால் போதுமா?

கூலி பற்றிய விவாதம் எங்கு நடந்தாலும் ஃபோர்டு பெயர் வரும். 1913-இல் டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க் ஆலையில் ஆள் மாற்றம் ஆண்டுக்கு 370 விழுக்காடு. ஏறத்தாழ 14,000 பேரை வைத்திருக்க 50,000-க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர், எட்டு மணி நேரம் என்று அறிவித்தார்கள். 1915-இல் ஆள் மாற்றம் 16 விழுக்காடாக இறங்கியது.

கதை இவ்வளவு நேரானதல்ல. அந்த 5 டாலரில் ஒரு பகுதி கூலியல்ல, இலாபப் பங்கு. அதைப் பெறக் குறிப்பிட்ட காலம் வேலையில் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து குடி, சேமிப்பு, குடும்ப ஒழுங்கு வரை விசாரிக்கும் ஆட்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவில் தொழில் மந்தமும் இருந்தது. வேலை கிடைக்காத காலத்தில் ஆள் போகாததைக் கூலியின் வெற்றி என்று முழுவதும் சொல்ல முடியாது. ஆனாலும் 1987-இல் இந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்த டேனியல் ராஃபும் லாரன்ஸ் சம்மர்ஸும், சந்தைக்கு மேல் கொடுத்த கூலி உண்மையிலேயே பயன் தந்தது என்ற முடிவுக்கே வந்தார்கள்.

எத்தியோப்பியாவில் கிறிஸ்டோபர் பிளாட்மனும் ஸ்டீஃபன் டெர்கானும் நடத்திய சோதனையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆலை வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்களுக்கு வேலை தரப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே விலகினர், ஓராண்டுக்குள் 77 விழுக்காட்டினர் போய்விட்டனர். சிறு வியாபாரம், கூலி வேலை போன்ற மாற்றுகளைவிட ஆலைக் கூலி மேலாக இல்லை, உடல்நலக் கேடு கூடுதல். அவர்களுக்கு ஆலை என்பது வேறு வழி அமையும்வரை ஒதுங்கும் இடம். விட்லி ஆணையம் பார்த்த தொழிலாளியும் இவரும் உறவினர்கள் போலத் தெரிகிறார்கள். கூலி முக்கியமில்லை என்று இதிலிருந்து சொல்ல முடியாது. எதனோடு ஒப்பிட்டு உயர்ந்த கூலி என்பதே கேள்வி.

குடியிருப்பிலிருந்து விடுதிக்கு

நலத்திட்டங்களால் ஆளை நிறுத்தும் முயற்சிக்குத் தமிழகத்தில் நீண்ட வரலாறு உண்டு. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை பள்ளி, குடியிருப்பு என்று வசதிகள் செய்து அக்காலத்தில் முன்மாதிரி ஆலை என்று பேசப்பட்டது. மதுரை ஹார்வி ஆலை தன் தொழிலாளர்களுக்காகத் திருப்பரங்குன்றம் அருகே ஹார்விபட்டி என்று ஓர் ஊரையே உண்டாக்கியது. நலத்திட்டம் அமைதியை வாங்கித் தரும் என்ற நம்பிக்கைக்கு முதல் மறுப்பும் பெரம்பூரிலிருந்தே வந்தது. 1918-இல் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான். திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த நிர்வாகம் சங்கத்தை ஏற்க மறுத்தது. 1921-இன் நீண்ட போராட்டம் அந்த நலத்திட்டத்துக்கு எல்லை எங்கே என்பதைக் காட்டியது.

விடுதலைக்குப் பின் அரசு இந்தப் பொறுப்பில் ஒரு பகுதியைச் சட்டமாக்கியது. 1948-இல் ஈ.எஸ்.ஐ., 1952-இல் வருங்கால வைப்பு நிதி, 1972-இல் பணிக்கொடைச் சட்டம். ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால் ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் பணிக்கொடை என்ற விதி, தங்குவதற்கான ஊக்கமாகவே வடிவமைக்கப்பட்டது. ஆனால் அது இருபுறமும் வெட்டியது. நான்காண்டு முடிந்ததும் கணக்கு முடித்துவிட்டு அதே ஆளைப் புதிதாகச் சேர்க்கும் பழக்கம் பற்றித் தொழிற்சங்கங்கள் பல காலமாகப் புகார் சொல்லி வருகின்றன. ஆள் தங்கவில்லை என்று வருந்தும் தொழிலில், ஆள் தங்கினால் செலவு என்று கணக்குப் போடும் மேசையும் இருந்திருக்கிறது.

1990களின் இறுதியிலிருந்து நூற்பாலைகளில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ இந்த வரலாற்றின் மிக வேதனையான அத்தியாயம். திருமண வயதை நெருங்கும் பெண்களை மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கவைத்து, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்லிச் சேர்த்தார்கள். கேம்ப் கூலி முறை என்று ஊரில் அழைத்தார்கள். மொத்தத் தொகை உண்மையில் அந்தப் பெண்ணின் பிடித்துவைத்த கூலி. நடுவில் உடம்புக்கு முடியாமல் போனாலும் வீட்டில் துக்கம் என்றாலும், விலகினால் அதை இழக்க நேர்ந்தது. வெளியே போகக் கட்டுப்பாடு, கைபேசிக்குத் தடை, ஓயாத இரவு ஷிப்ட் ஆகியவற்றை நெதர்லாந்து ஆய்வமைப்புகள் 2011-இல் வெளியிட்ட ‘பருத்தியில் சிறைப்பட்டோர்’ என்ற பொருள்படும் அறிக்கை உலகக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மாநிலத்துக்குள் பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அதற்கு முன்பிருந்தே பேசி வந்தன.

ஆலைகளின் தரப்பையும் சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்டது பாதுகாப்பு, விடுதியும் காவலும் இல்லாவிட்டால் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள் என்பது அந்த வாதம். இதில் உண்மை உண்டு. வரதட்சணைச் சுமையில் திணறிய குடும்பங்களுக்கு அந்தத் தொகை பெரிய ஈர்ப்பாக இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் பெற்றோரின் அச்சத்தைத் தீர்க்கப் போட்ட வேலி, ஆள் போகாமல் தடுக்கும் வேலியாகவும் பயன்பட்டது. அதை நலத்திட்டம் என்று அழைப்பது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து. துண்டு முறையில் கடன் முன்னால் கொடுக்கப்பட்டது, இங்கே கூலி பின்னால் தள்ளப்பட்டது. இரண்டும் ஒரே பூட்டின் இரு சாவிகள்.

விடுதி இன்று மின்னணு ஆலைகளின் மையப் பிரச்சினை. சீன ஆலைகளை ஆராய்ந்த புன் ஙாய், கிறிஸ் ஸ்மித் போன்றோர், விடுதி என்பது உறங்கும் இடம் மட்டுமல்ல, வேலை நேரத்தை நீட்டவும் சுருக்கவும் உதவும் உற்பத்திக் கருவி என்று எழுதினார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று, நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ஏறத்தாழ 18,700 பேர் தங்கும் குடியிருப்பை மாநில அரசு திறந்தது. இது ஹார்விபட்டியின் வாரிசா, கேம்ப் கூலியின் வாரிசா என்பதைக் கட்டடம் தீர்மானிக்காது. வாசலை யார் பூட்டித் திறக்கிறார்கள், வேலையை விட்டால் எத்தனை நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்ற விதிகள்தான் தீர்மானிக்கும்.

தேர்வில் தவறா?

தங்காத ஆளை எடுத்ததே தவறு என்பவர்களும் உண்டு. நேர்காணல், திறன் சோதனை பற்றி உளவியலாளர்கள் ஒரு நூற்றாண்டாக எண்ணற்ற ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்கும் நேர்காணலும், வேலையைச் செய்து காட்டச் சொல்வதும் மற்ற முறைகளைவிட நம்பகமானவை என்பது பரவலான முடிவு. 2022-இல் வந்த மறுமதிப்பீடு, சோதனைகளின் கணிப்புத்திறன் முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்றது. தையல் மேசையில் உட்காரவைத்து ஒரு கை தைத்துக் காட்டச் சொல்லும் திருப்பூர் வழக்கம் அறிவியலுக்கு விரோதமானதல்ல. ஆனால் நன்றாகத் தைப்பவர் தங்குவாரா என்பதை அது சொல்லாது.

தெரிந்தவர் சொல்லி வரும் ஆட்கள் கூடுதல் காலம் தங்குகிறார்கள் என்று அமெரிக்க நிறுவனங்களில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. வங்கதேச ஆடை ஆலைகளை ஆராய்ந்த ரேச்சல் ஹீத், சேர்த்துவிட்டவரும் அந்த ஆளுக்குப் பொறுப்பேற்கிறார், புதியவர் சரியில்லை என்றால் அது சேர்த்துவிட்டவரின் கூலியையும் தொடுகிறது என்று வாதிட்டார். இது மேஸ்திரி முறையின் மென்மையான வடிவம். உறவு வழியே ஆள் வந்தால் சாதியும் ஊரும் அந்த வழியே வந்து சேரும். வெளியே நிற்பவருக்குக் கதவு திறக்காது. தங்கும் ஆள் கிடைக்கலாம், ஆனால் யாருக்கு அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பது எந்தக் கணக்கிலும் வராது.

நிரந்தர வேலை வேண்டாம் என்பவர்கள்

திருப்பூர் இந்த விவாதத்துக்கு எதிர்பாராத ஒரு சான்றைத் தருகிறது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் வெளிநாட்டு வாங்குவோரின் நெறிமுறைகளின்படி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., மாதச் சம்பளம், சுத்தமான கழிப்பறை எல்லாம் தருகின்றன. ஆனாலும் கைத்திறன் உள்ள டெய்லர்களில் பலர் அங்கே போக விரும்பாமல் காண்ட்ராக்ட்காரரிடம் பீஸ் ரேட்டுக்கே வேலை செய்கிறார்கள். டி நீவ் இதைத் தன் பிற்கால ஆய்வுகளில் கவனமாகப் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் சொன்ன காரணங்கள் தெளிவானவை. பீஸ் ரேட்டில் கை வேகத்துக்குக் காசு. சனிக்கிழமை பணம் கைக்கு வரும். ஊரில் திருவிழா என்றால் போகலாம். சூப்பர்வைசர் கத்துவதைக் கேட்க வேண்டியதில்லை. மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதிய பலகை தலைக்கு மேல் தொங்காது.

இதற்கு ஆழமான வரலாறும் உண்டு. ஷரத் சாரி 2004-இல் வெளியான நூலில், திருப்பூரின் முதலாளிகளில் பெரும்பகுதியினர் ஒருகாலத்தில் உழைப்பாளிகளாக இருந்த கவுண்டர்கள் என்று காட்டினார். உழைப்பையே முதலாக்கி மேலே வந்த அந்தத் தலைமுறையின் கதை, அடுத்து வந்த ஒவ்வொரு டெய்லருக்கும் ஒரு வாக்குறுதி போல நின்றது. காண்ட்ராக்ட்காரராவது, பிறகு நாலு மெஷின் போடுவது என்பதே இலக்கு. அப்படிப்பட்டவருக்கு ஐந்தாண்டு கழித்து வரும் பணிக்கொடை பெரிதாகத் தெரியாது. பஞ்சப்படிக்காக 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அதன்பின் தொழில் சிறு சிறு பிரிவுகளாகச் சிதறியபோது, ஒரே கூரையின்கீழ் நீண்ட காலம் வேலை என்பதே அரிதாயிற்று.

இந்த விளக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தொழிலாளியே விரும்புகிறார் என்ற சொல், சட்டப் பாதுகாப்பைத் தட்டிக்கழிக்க வசதியான சொல்லாக மாறிவிடும். விபத்து நடந்தால், கர்ப்பம் வந்தால், ஐம்பது வயதில் கண் மங்கினால் பீஸ் ரேட் எதையும் தராது. இளமையில் கைவேகம் உள்ள ஆணுக்கு நல்லதாக அமையும் ஏற்பாடு, குழந்தை பெற்றபின் திரும்பி வரும் பெண்ணுக்கு அப்படி அமைவதில்லை. விரும்பியது சுதந்திரத்தையா, அல்லது கம்பெனி வேலையின் அவமதிப்பை வெறுத்ததா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னது என்றால் மருந்து வேறு.

கேட்பதால் தங்குவார்களா?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல், அதிருப்தி கொண்டவருக்கு இரண்டு வழி என்றார்: வெளியேறுவது அல்லது குரல் கொடுப்பது. ரிச்சர்ட் ஃப்ரீமனும் ஜேம்ஸ் மெடாஃபும் 1984-இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு, கூலி சமமாக இருந்தாலும் சங்கம் உள்ள இடத்தில் விலகுவோர் குறைவு என்று காட்டினர். சங்கத்தை ஆள் நிறுத்தும் கருவியாக எந்த ஆலையும் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த முடிவுக்கு நம் நாட்டில் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்லலாம்.

நமக்கு நெருக்கமான சான்று கர்நாடகத்திலிருந்து வருகிறது. 2016-இல் ஒரு கூலி உயர்வு தொழிலாளர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக அமைந்தது. அப்போது ஒரு பெரிய ஆடை நிறுவனத்தில் அச்சுத அத்வர்யுவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தனர். குலுக்கல் முறையில் ஒரு பகுதித் தொழிலாளரிடம் மட்டும் வேலை, கூலி, மேற்பார்வையாளர் பற்றிப் பெயர் வெளியிடாமல் கருத்துக் கேட்டார்கள். அடுத்த மாதங்களில் அவர்களிடையே விலகல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதிகம் ஏமாந்தவர்களிடமே விளைவு அதிகம்.

வியக்கத்தக்க முடிவுதான். ஆயினும் ஒரு நிறுவனம், சில மாதங்கள். கேட்டபின் ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு அதே படிவத்தை யார் நம்பி நிரப்புவார்கள்? கேட்பது மலிவு என்பதற்காகக் கூலிக்கு மாற்றாக அதை வைப்பது இந்த ஆய்வைத் தவறாகப் படிப்பதாகும். கூட்டாகப் பேசும் உரிமை, தனித்தனியாகக் கருத்துக் கேட்பது இரண்டும் ஒன்றல்ல. இரண்டின் விளைவையும் ஒரே ஆலையில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு மிகவும் தேவைப்படுகிறது.

வடக்கிலிருந்து வந்தவர்கள்

கடந்த இருபது ஆண்டுகளில் திருப்பூரும் கோவையும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களை நம்பத் தொடங்கின. ஊரில் உறவோ நிலமோ இல்லாதவர் இங்கேயே கிடப்பார் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்திருக்கக் கூடும். 2020-இன் ஊரடங்கு அந்த எண்ணத்தைக் கலைத்தது. சோறும் வாடகையும் உறுதியில்லாத நகரத்திலிருந்து அவர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது மறுபடி ரயில் நிலையங்கள் நிரம்பின. ஹோலிக்கு ஊர் போகும் பருவமும் அதுவே என்பதால் அச்சம் எவ்வளவு, பண்டிகை எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போயிற்று. ரேஷன், குழந்தைக்குப் பள்ளி, தன் மொழியில் பேச ஓர் அலுவலர் ஆகியவை கம்பெனிக்கு வெளியே இருப்பவை. ஆனால் ஆள் தங்குவதை அவை தீர்மானிக்கின்றன. ஒருவர் வேலையில் நிலைப்பது வேலையால் மட்டுமல்ல, அதைச் சுற்றிய வாழ்வின் பிணைப்புகளாலும் என்று 2001-இல் டெரன்ஸ் மிட்சலும் தாமஸ் லீயும் அமெரிக்காவில் முன்வைத்த கருத்து, வேறெந்த இடத்தையும்விட இங்கே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

முடியாத பகுதிகள்

இந்த விடைகளில் எதுவும் முழுத் தவறல்ல, எதுவும் தனித்து நிற்கவும் இல்லை. கூலி பேசும், ஆனால் மாற்று வேலையோடு ஒப்பிட்டே பேசும். கட்டிவைக்கும் முறைகள் குறுகிய காலம் பலித்து, ஆள் தட்டுப்பாடு வந்ததும் எதிராகத் திரும்பியிருக்கின்றன. கேட்கும் முறைகளுக்கு ஆதரவான சான்று நம்பிக்கை தருகிறது, ஆனால் இன்னும் மெல்லியது.

முதன்மையான குறை அளவீட்டில் இருக்கிறது. ஆலைகள் எத்தனை பேர் விலகினார்கள் என்று எண்ணுகின்றன. அவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்திலோ இரண்டாண்டிலோ அதே ஆலைக்கோ அதே ஊருக்கோ திரும்பினார்கள் என்று எண்ணுவது அரிது. அறுவடைக்கும் திருவிழாவுக்கும் மகப்பேறுக்கும் போய்த் திரும்பும் தொழிலாளி பதிவேட்டில் முதலில் விலகியவர், பிறகு புதியவர். அவருடைய பழைய அனுபவத்துக்குக் கூலியில் இடமில்லை. விட்லி ஆணையம் 1931-இல் சொன்ன, ஊருக்குப் போய்வர இடம் தரும் வேலை என்ற யோசனை இன்னும் முறையாகச் சோதிக்கப்படவில்லை. போய்த் திரும்புவோரைத் தனியாக எண்ணத் தொடங்கினால் தட்டுப்பாட்டின் அளவே வேறாகத் தெரியக்கூடும்.

பெண்களைப் பற்றியது அடுத்த கேள்வி. இந்திய ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தமிழகத்தில் இருக்கிறார்கள். திருமணத்துக்கு முன் சில ஆண்டு, குழந்தைகள் வளர்ந்தபின் மறுபடி என்று அவர்களின் வேலைக்காலம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் உள்ள ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-இன் சட்டமே சொன்னது. சரியாக நடக்கும் காப்பகம் அந்தப் பிளவை எவ்வளவு குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க விடை கிடைத்தால், விடுதிகளுக்குச் செலவாகும் பணத்தின் திசையே மாறலாம்.

மூன்றாவது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஐந்தாண்டுக்குப் பதில் ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வருகிறது. நான்காண்டில் கணக்கு முடிக்கும் பழக்கத்துக்கான காரணம் இதனால் ஓரளவு மறையலாம். மாறாக, ஒப்பந்தங்கள் பதினொரு மாதமாகச் சுருங்கவும் செய்யலாம். திருப்பூரின் காண்ட்ராக்ட்காரரிடம் வேலை செய்யும் டெய்லர் இந்தச் சட்டத்தின் கணக்கில் யாருடைய தொழிலாளி என்பது நடைமுறையிலும் நீதிமன்றங்களிலும் இனித்தான் தெளிவாக வேண்டும்.